இறந்த பிறகு கதை என்ன தருகிறது? தொலைக்காட்சித் தொடர்களில் பதின்பருவத் தற்கொலை

நூலகவாசி (இழையைத் தொடங்கியவர்):

தொலைக்காட்சித் தொடர்களில் பதின்பருவத்தினரின் தற்கொலை இடம்பெறும்போதெல்லாம் விவாதம் ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறது: அந்தக் காட்சியைக் காட்டலாமா, கூடாதா? காட்டக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு காட்சியை வெட்டிவிட்டால் தொடர் பாதுகாப்பானதாகிவிடும் என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. இறப்புக்குப் பிறகு அந்தப் பாத்திரத்துக்குக் கதை என்னவெல்லாம் தருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பலரும் அறிந்த தொடரையே எடுத்துக்கொள்கிறேன். ஜே ஆஷர் 2007இல் எழுதிய நாவலைத் தழுவிய ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ தொடரின் முதல் பருவத்தை, 2017 மார்ச் 31 அன்று, 13 பகுதிகளையும் ஒரே நாளில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. ஹன்னா பேக்கர் என்ற பள்ளி மாணவி இறந்துவிட்டாள். தன்னைக் காயப்படுத்தியவர்கள் என்று அவள் கருதியவர்களுக்காகப் பதிவுசெய்து வைத்த ஏழு ஒலிநாடாக்கள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகின்றன. கடைசிப் பகுதியில் அவளுடைய மரணம் விரிவாகக் காட்டப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு, 2019 ஜூலையில், ஏறத்தாழ மூன்று நிமிடம் நீண்ட அந்தக் காட்சியை நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது.

நீக்கியது நல்லது. ஆனால் நீக்கிய பிறகும் மிஞ்சியிருப்பது என்ன? உயிரோடிருந்தபோது யாரும் காதுகொடுக்காத ஒரு பெண், இறந்த பிறகு எல்லோரும் மூச்சடக்கிக் கேட்கும் குரலாகிவிடுகிறாள். அவளைச் சிறுமைப்படுத்தியவர்கள் ஒவ்வொருவராக அஞ்சி நடுங்குகிறார்கள். அவளை நேசித்தும் சொல்லாமல் இருந்தவன் அவளுக்காகவே வாழத் தொடங்குகிறான். இரண்டாம் பருவத்தில் அவள் அவன் கண்ணுக்கு உருவமாகவே தோன்றிப் பேசுகிறாள். மரணம் என்றால் இனி எதையும் பேசவோ, கேட்கவோ, தெரிந்துகொள்ளவோ முடியாது என்பது இந்தக் கதையில் எங்கேயும் உறைக்கவில்லை.

இது அந்த ஒரு தொடரின் குறை மட்டுமன்று. தினமும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்களில் இதே கணக்கு வேறு உருவில் வருகிறது. வீட்டில் யாரும் இறங்கி வராத ஒரு சிக்கல் இருக்கும். பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ள முயலும். அடுத்த பகுதியில் மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றிக் குடும்பமே நின்று அழும். அதுவரை பிடிவாதமாக இருந்த தந்தை கையைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். ஐம்பது பகுதிகளாகப் பேச்சால் அவிழாத முடிச்சு ஒரே இரவில் அவிழ்ந்துவிடும். முயற்சியையோ வழிமுறையையோ அங்கே காட்டவே இல்லை என்று தயாரிப்பாளர் வாதிடலாம். அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் கண்ணீர் பார்ப்பவருக்கு என்ன சொல்கிறது என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டாமா?


நெறியாளர்:

இழை தொடரட்டும். வழிமுறை, இடம், பயன்படுத்திய பொருள் ஆகியவற்றின் விவரங்களை எவரும் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கப்படும். இதைப் படிப்பவர்களில் எவருக்கேனும் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் இயங்கும் உதவி எண்ணையோ மருத்துவரையோ அணுகுங்கள். இந்த இழை அதற்கு ஈடாகாது.


முதல் வரைவு:

தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவன் என்ற முறையில் எதிர்த்தரப்பை வைக்கிறேன். உலகில் ஆண்டுக்கு 7,20,000க்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கான காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இவ்வளவு பெரிய துயரத்தைக் கதைகள் பேசாமல் இருந்தால், அந்தத் துயரத்தில் இருக்கும் இளைஞர் தாம் மட்டுமே இப்படி இருப்பதாக எண்ணிக்கொள்ள மாட்டாரா?

நீங்கள் சுட்டிய தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான நிக் ஷெஃப், அந்தக் காட்சியை 2017இல் வெளிப்படையாக ஆதரித்து எழுதினார். தம் வாழ்வில் அப்படியொரு கணம் வந்தபோது, முயன்று பிழைத்த ஒரு பெண் சொன்ன கொடூரமான உண்மை நினைவுக்கு வந்ததால்தான் தாம் தப்பித்ததாகவும், மரணம் அமைதியானது என்ற பொய்யை உடைப்பதற்கு அதன் கொடுமையைக் காட்டியே ஆக வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அது பொறுப்பில்லாதவரின் வாதம் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

இறந்த பாத்திரத்துக்குக் கதை தரும் ‘பலன்’ பற்றிய உங்கள் கருத்துதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஒரு பிள்ளை இறந்தால் பெற்றோர் உடைந்துபோவதும், நண்பர்கள் குற்றவுணர்ச்சியில் தவிப்பதும் நடப்பவைதானே? அந்தத் துக்கத்தைக் காட்டினால் அது இறந்தவருக்குக் கிடைத்த வெற்றியாகத் தோன்றும் என்பதற்காக, யாருமே அழாத ஒரு மரணத்தை எழுத முடியுமா? அறிவுரைக் கையேட்டைப் போன்ற கதையை எந்த இளைஞரும் பார்க்க மாட்டார். பார்க்கப்படாத கதையால் யாருக்கும் பயனில்லை.


பள்ளி ஆலோசகர்:

முதல் வரைவு அவர்களுக்கு: துக்கத்தைக் காட்டுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. துக்கம் எதை நோக்கித் திரும்புகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். இறந்த பிள்ளை கேட்டதெல்லாம் இறப்பால் கிடைத்துவிட்டது என்ற திசையில் துக்கம் திரும்பினால், அது பார்ப்பவருக்கு ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. எஞ்சியிருப்பவர்களின் வாழ்க்கையில் விழுந்த, எதனாலும் நிரப்ப முடியாத குழியை நோக்கித் திரும்பினால் அது வேறு.

நூலகவாசி குறிப்பிட்ட தொடரில் என்னை மிகவும் வருத்திய காட்சி மரணக் காட்சியன்று, ஆலோசகர் காட்சி. ஹன்னா தன் கடைசி நாளில் பள்ளி ஆலோசகர் போர்ட்டரிடம் போகிறாள். தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல முயல்கிறாள். அவர் சரியான கேள்விகளைக் கேட்பதில்லை. கடந்து போகப் பழகிக்கொள்வதும் ஒரு வழி என்கிற மாதிரி பேசுகிறார். அவள் வெளியே வந்து, அவர் பின்னால் வருவாரா என்று கதவுக்கு வெளியே காத்து நிற்கிறாள். கதவு திறக்கவே இல்லை. பதின்மூன்றாவது காரணமாகக் கதை அவரைத்தான் வைக்கிறது.

அப்படிப்பட்ட ஆலோசகர்களும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொடர் முழுவதிலும், உதவி கேட்ட ஒரே இடத்தில் உதவி தோற்றுப்போனால், கோடிக்கணக்கான இளைஞர்கள் அந்த ஒரே அனுபவத்தைத்தான் எடுத்துச் செல்கிறார்கள். அந்தத் தொடர் பேசப்பட்ட காலத்தில் ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன்.) தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேசை விளிம்பில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “அந்தப் பொண்ணு கவுன்சிலர்கிட்ட போனாளே மிஸ், அவர் ஒண்ணுமே செய்யலையே?” என்று மட்டும் கேட்டாள். நான் அந்தத் தொடரின் கதையை எனக்குச் சொல்லும்படி கேட்டேன். நெடுநேரம் சொன்னாள். நடுவில், கதையில் இல்லாத ஒரு சண்டையையும் சேர்த்துச் சொன்னாள். அது அவளுடைய வீட்டில் நடந்த சண்டை. அதன் பிறகுதான் எங்கள் உண்மையான உரையாடல் தொடங்கியது.

அவள் வந்தாள், அதனால் பேச முடிந்தது. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று முடிவுசெய்து என் அறைப்பக்கமே வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை என்னால் அறிய முடியாது. அந்தக் கவலை இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.


எண்ணியல் மாணவர்:

இத்தகைய கதைகள் பார்ப்பவர்களைத் தற்கொலைக்குத் தூண்டுகின்றன என்பதற்கான சான்றுகள் எங்கே உறுதியாக இருக்கின்றன, எங்கே தளர்ந்திருக்கின்றன என்பதைச் சொல்லிவிட்டால் விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

கற்பனைக் கதைகளைப் பொறுத்தவரை பலரும் முதலில் காட்டும் சான்று ஜெர்மனியுடையது. ஒரு மாணவனின் தற்கொலையை மையமாகக் கொண்ட ஆறு பகுதித் தொடரை இசட்.டி.எஃப். தொலைக்காட்சி 1981இல் ஒளிபரப்பி, 1982இல் மறுஒளிபரப்பும் செய்தது. ஷ்மிட்கே, ஹெஃப்னர் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஒளிபரப்பையொட்டிய 70 நாள்களில், 15 முதல் 19 வயது வரை உள்ள ஆண்களிடையே, தொடரில் காட்டப்பட்ட அதே வகையான மரணங்கள் 175 விழுக்காடு உயர்ந்தன. பாத்திரத்தோடு வயதாலும் பாலாலும் நெருங்கியவர்களிடமே தாக்கம் மிகுதியாக இருந்தது என்பதால் இந்த ஆய்வு இன்றும் கனமுள்ளதாகக் கருதப்படுகிறது.

அடுத்து, பிபிசியின் ‘கேஷுவல்ட்டி’ மருத்துவமனைத் தொடரில் 1996 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதி. அதில் தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொள்ளும் பாத்திரம் பதின்பருவத்தினர் அல்லர் என்றாலும் ஆய்வு முக்கியமானது. கீத் ஹாட்டனும் அவருடைய குழுவினரும் 49 அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளைப் பார்த்தனர். அதே வகையில் தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டு வந்தவர்களின் எண்ணிக்கை ஒளிபரப்புக்கு அடுத்த வாரத்தில் 17 விழுக்காடும், அதற்கடுத்த வாரத்தில் 9 விழுக்காடும் கூடியிருந்தது.

‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ விஷயத்தில் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2019இல் ஜெஃப்ரி பிரிட்ஜ் குழுவினர், தொடர் வெளியான மறுமாதமான 2017 ஏப்ரலில், அமெரிக்காவில் 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களின் தற்கொலை விகிதம் 28.9 விழுக்காடு கூடியதாகக் கணித்தனர். அதே ஆண்டு நீடர்கிரோட்டென்தாலர் குழுவினர், 10 முதல் 19 வயதினரிடையே மூன்று மாதங்களில் 13.3 விழுக்காடு உயர்வு இருந்ததாகக் கண்டனர். ஆனால் 2020இல் டேனியல் ரோமர் அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்து, அந்த ஆண்டுகளில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த போக்கைக் கழித்துப் பார்த்தால் தாக்கம் தெளிவாக நிற்கவில்லை என்றும், ஆண்பிள்ளைகளிடம் உயர்வு தொடர் வெளியாவதற்கு முன்பே, மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது என்றும் எழுதினார். பிரிட்ஜ் ஆய்வில் ஹன்னாவை ஒத்த பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடமே உயர்வு தெளிவாகத் தெரிந்தது என்பதும் விளக்கத்துக்கு எளிதில் அடங்காத ஒன்று.

எனவே, “அந்தத் தொடர் இத்தனை பேரைக் கொன்றது” என்று அறுதியிட்டு எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. “எந்தத் தாக்கமும் இல்லை” என்பவர்களோடும் உடன்படவில்லை.


நூலகவாசி:

எண்ணியல் மாணவர் அவர்களுக்கு நன்றி. ஜெர்மன் தொடரைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தத் தொடரும் ஒரே மரணத்தை வெவ்வேறு மனிதர்களின் பார்வையிலிருந்து திரும்பத் திரும்ப அணுகிய கதைதான். 36 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அமெரிக்கத் தொடரும் பதின்மூன்று காரணங்கள் வழியாக ஒரே மரணத்தைச் சுற்றி வந்தது. இறந்தவர் யார், ஏன் என்று எல்லோரும் சேர்ந்து தேடும் கதை வடிவம் எழுத்தாளர்களுக்கு மிகவும் வசதியானது. அதில் புதிர் இருக்கிறது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முடிச்சு கிடைக்கிறது.

ஆனால் அந்த வடிவத்துக்குள்ளேயே ஒரு பொய் இருக்கிறது. தேடலின் முடிவில் விடை கிடைத்தே ஆக வேண்டும் என்பதால், மரணத்துக்கு வெளியில் இருக்கும் குற்றவாளிகளின் பட்டியலைக் கதை தயாரித்துவிடுகிறது. மனச்சோர்வு, தூக்கமின்மை, எதிலும் நாட்டம் இல்லாமற்போவது, சிந்தனை ஒரே வழியில் குறுகிப்போவது போன்றவற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆகவே அவை கதையில் இடம்பெறுவதே இல்லை. சிகிச்சை தேவைப்பட்ட ஒரு நிலை, நீதி தேவைப்பட்ட ஒரு வழக்காக மட்டும் மாறிவிடுகிறது. கொடுமை செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்டனையை வாங்கித் தந்தது மரணம் என்று கதை சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.


பின்வரிசை:

இந்தத் தளத்தில் வெகுநாள்களாக வாசிக்கிறேன், எழுதுவது அரிது. பள்ளி நாள்களில் அந்த எண்ணத்தோடு நெடுங்காலம் வாழ்ந்தவள் என்பதால் எழுதுகிறேன். இப்போது நலமாக இருக்கிறேன்.

அந்த வயதில் நான் சாவை விரும்பினேன் என்று சொல்ல முடியாது. நான் படுகிற பாடு மற்றவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதே என் முழு விருப்பமாக இருந்தது. என் இறுதிச் சடங்கை நானே கற்பனை செய்து பார்ப்பேன். யார் யார் வருவார்கள், யார் எந்த வார்த்தையை நினைத்து அழுவார்கள் என்றுகூட மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கற்பனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: அதைப் பார்த்து ஆறுதலடைய நான் அங்கே இருக்க மாட்டேன். அது எனக்கு உறைக்கவே இல்லை. தொலைக்காட்சித் தொடர் அந்த ஓட்டையைத்தான் மூடிவிடுகிறது. இறந்த பெண்ணின் குரல் ஒலிக்கிறது, அவள் பார்ப்பது போலவே கேமரா எல்லோருடைய முகத்தையும் பார்க்கிறது. என் கற்பனை நடக்கக்கூடியதுதான் என்று அது சொல்லிவிடுகிறது. நூலகவாசி முதல் பதிவில் எழுதியது என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது.

நான் பார்க்க விரும்பியும் எந்தத் தொடரிலும் பார்க்காத ஒன்று உண்டு. அந்த எண்ணம் வந்து போகும் என்பது. என்னைப் பொறுத்தவரை அது நாள் முழுவதும் ஒரே அளவில் இருந்ததில்லை. இரவில் தாங்க முடியாததாகவும், மறுநாள் மதியம் ஏறத்தாழ மறந்துபோனதாகவும் இருந்தது. அந்த இரவுகளில் என் சித்தி என் அறையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். எதுவும் பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை, நான் புரண்டு படுத்தால் மட்டும் “தண்ணி வேணுமா?” என்று கேட்பார். பிறகு ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனார். முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். குணமடைய மாதக்கணக்காயிற்று. அந்த மாதங்களில் நாடகத்தனமாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் எனக்கு நடந்ததிலேயே மிக முக்கியமானது அதுதான். அதை எழுதத் தெரிந்த திரைக்கதையாசிரியர் யாரேனும் இருக்கிறார்களா என்று முதல் வரைவு அவர்களிடம் கேட்கிறேன்.


இரண்டு பிள்ளைகளின் தாய்:

பின்வரிசை எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. நீ நலமாக இருப்பதில் மிக்க மகிழ்ச்சி, அம்மா.

என் மூத்த மகளுக்குப் பதினான்கு வயது. தொடர்களை முழுதாக அவள் பார்ப்பதே இல்லை. அழுகைக் காட்சிகள் மட்டும் சோக இசையோடு வெட்டி ஒட்டப்பட்ட துண்டுகளாக அவள் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. வயதுக் கட்டுப்பாடு, எச்சரிக்கை வாசகம் எதுவும் அந்தத் துண்டுகளில் இருப்பதில்லை. இதை நான் எப்படிக் கையாள்வது? சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாமா, தடுக்கலாமா? இதைப் பற்றி நானாகப் பேச்செடுத்தால், இல்லாத எண்ணத்தை நானே அவள் மனத்தில் விதைத்துவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கிறது.


பள்ளி ஆலோசகர்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. மேடலின் கோல்டு குழுவினர் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேள்வி சற்று ஆறுதலாகவே இருந்தது. ஆகவே தயங்காமல் கேளுங்கள். “உனக்கு எப்போதாவது உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதா?” என்று நேராகவே கேட்கலாம். “அப்படியெல்லாம் உனக்கு ஒன்றும் இல்லையே?” என்று கேட்டால், இல்லை என்ற பதிலைத்தான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பார்ப்பதா, தடுப்பதா என்பதற்கு ஒரே விடை கிடையாது. உங்கள் மகள் அண்மையில் யாரையேனும் இழந்திருந்தாலோ, மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தாலோ, முன்பு தனக்குத் தானே தீங்கிழைத்துக்கொண்டிருந்தாலோ, இத்தகைய தொடர் இப்போதைக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மற்றபடி, எப்படியும் பார்த்துவிடுவாள் என்று தெரிந்தால் கூட இருந்து பாருங்கள். நியூசிலாந்தின் தணிக்கை அமைப்பு 2017இல் இந்தத் தொடருக்காகவே ஒரு புதிய வகைப்பாட்டை உருவாக்கியது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் துணையோடு மட்டுமே பார்க்கலாம் என்பது அதன் பொருள். முழுத் தடைக்கும் முழு அனுமதிக்கும் இடையிலான அந்த நிலை எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

துண்டுக் காட்சிகளைப் பற்றி நீங்கள் எழுதியதே இன்று மிகப் பெரிய சிக்கல். அவளிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்குவதைவிட, “இதில் அடுத்து என்ன நடந்திருக்கும்? இந்தப் பெண் யாரிடம் போயிருக்கலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். துண்டில் இல்லாத பகுதியை அவளே யோசிக்கத் தொடங்குவாள். அவள் சொல்லும் பெயர்களில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.


முதல் வரைவு:

பின்வரிசை அவர்களின் கேள்வி எனக்கானது என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன். இப்போது பள்ளி மாணவர்களைப் பற்றிய ஒரு தொடரின் எழுத்துக் குழுவில் இருக்கிறேன். ஆறாம் பகுதியில் பதினாறு வயது மாணவி ஒருத்தி உயிரை விட முயன்று காப்பாற்றப்படுகிறாள். ஏழாம் பகுதி மருத்துவமனையில் தொடங்குகிறது. நூலகவாசி விவரித்த அதே கட்டில், அதே கண்ணீர், அதே தந்தை.

அந்த ஏழாம் பகுதியைக் கட்டிலிலிருந்து எடுத்து, மூன்று வாரம் கழித்து அவள் வகுப்புக்குத் திரும்பும் நாளில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்கும் தந்தைக்குப் பதிலாக, என்ன பேசுவதென்று தெரியாமல் காரை ஓட்டிக்கொண்டு வரும் தந்தை. தயாரிப்புத் தரப்பு “விறுவிறுப்பு எங்கே?” என்று கேட்கும் என்பது தெரியும். என் பதில்: அவள் மீண்டும் முயல்வாளோ என்ற அச்சம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது, யாரும் அதைக் கேட்கத் துணியவில்லை, அதைவிட இறுக்கமான ஒரு சூழ்நிலையை என்னால் எழுத முடியாது. ஆனால் அந்த வாரங்கள் உண்மையில் எப்படி இருக்கும் என்பது எனக்குப் போதுமான அளவு தெரியாது. ஆலோசகரும் பின்வரிசையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


எண்ணியல் மாணவர்:

முதல் வரைவு அவர்கள் போகும் திசைக்குச் சான்று இருக்கிறது. நீடர்கிரோட்டென்தாலர் குழுவினர் ஆஸ்திரியச் செய்தித்தாள்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரையில், நெருக்கடியில் இருந்த ஒருவர் அதைச் சமாளித்து மீண்ட செய்திகள் வந்ததை அடுத்துத் தற்கொலைகள் குறைந்திருந்ததைக் கண்டனர். மொட்சார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசை நாடகத்தில் உயிரை விடத் துணிந்து, மூன்று சிறுவர்கள் வேறு வழியைக் காட்டியதும் மனம் மாறும் பாப்பகேனோவின் பெயரையே அந்தத் தாக்கத்துக்கு வைத்தனர். ஹன்னாவின் கதை வெளிவந்த அதே 2017இல், ஓர் உதவி எண்ணையே தலைப்பாகக் கொண்ட ஓர் அமெரிக்க ராப் பாடலும் வெளிவந்தது. அழைத்தவர் மீள்வதாக அதன் கதை முடிகிறது. அந்தப் பாடல் மிகுதியாகக் கவனிக்கப்பட்ட 34 நாள்களில் உதவி எண்ணுக்கு 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்ததாகவும், தற்கொலைகள் 5.5 விழுக்காடு குறைந்ததாகவும் 2021இல் வெளியான ஆய்வு கணித்தது. அந்தப் பாடலை எவரும் கையேடு என்று ஒதுக்கவில்லை. மக்கள் விரும்பிக் கேட்டார்கள்.

இன்னொன்று. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. தொலைக்காட்சியில் அந்த ஒன்பது பேரை நாம் பார்ப்பதே இல்லை.


பள்ளி ஆலோசகர்:

முதல் வரைவு கேட்டதற்கு என் குறிப்புகள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களே ஆபத்து மிகுந்தவை. ஆகவே மூன்று வாரத்துக்குள் அவள் முழுக்கத் தெளிந்துவிட்டதாகக் காட்டாதீர்கள். முதல் நாளே முழு நேரமும் பள்ளியில் இருக்க வேண்டும் என்பதில்லை. பாதி நாளோடு தொடங்குபவர்கள் உண்டு. வகுப்புத் தோழர்கள் கைதட்டி வரவேற்கும் காட்சி வேண்டாம். உண்மையில் பெரும்பாலோர் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். விட்டுப்போன பாடக் குறிப்புகளை ஒருத்தி நீட்டுவாள். இன்னொருவன் தவறாக ஏதேனும் கேட்டுவிட்டுத் திகைப்பான். அவள் எந்தப் பாடத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறாள் என்ற சின்னக் கவலைகூட அந்த வாரங்களில் பெரிதாக இருக்கும்.

நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் பணியில் உண்டு. எந்த அறிகுறி தெரிந்தால் உஷாராக வேண்டும், தனியாக என்ன செய்து மனத்தைத் திருப்பலாம், யாரிடம் போய் உட்காரலாம், யாரை அழைக்கலாம், வீட்டில் எதையெல்லாம் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பவற்றைப் பிள்ளையே தன் கையால் எழுதும். அதை ஒரு காட்சியாக வையுங்கள். மூன்றாவது வரியில் யார் பெயரை எழுதுவது என்று அவள் யோசிக்கும் அந்த அரை நிமிடத்தில் உங்களுக்குத் தேவையான நாடகம் முழுவதும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் திரைப்படம், நாடகம் உருவாக்குபவர்களுக்கென்றே 2019இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அனுபவப்பட்டவர்களைக் கலந்துபேசுவது, மீண்டெழும் பாத்திரங்களை வைப்பது ஆகியவற்றோடு, அந்தக் காட்சிகளில் நடிப்பவர்களுக்கு ஏற்படும் பாதிப்பையும் அது பேசுகிறது. உங்கள் பதினாறு வயதுப் பாத்திரத்தில் நடிப்பவரின் வயது என்ன என்பதையும் மறந்துவிடாதீர்கள்.


பின்வரிசை:

காரில் வரும் தந்தையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியில் அவளிடம் கேட்டுவிட வேண்டும்; அழகான வசனமாக இல்லாமல், திக்கித் திணறிக் கேட்டால் போதும். அவள் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பகுதிகள் கழித்து அவளாகவே சொல்லட்டும்.


எண்ணியல் மாணவர்:

நடைமுறையில் ஒன்றே ஒன்று. அந்த அமெரிக்கத் தொடரின் இரண்டாம் பருவம் வெளியாவதற்கு முன்னும் பின்னும் இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றை ஃப்ளோரியான் ஆரென்ட் குழுவினர் 2019இல் வெளியிட்டனர். முழுதாகப் பார்த்து முடித்தவர்களைவிட, பாதியில் நிறுத்தியவர்களிடமே தற்கொலைக்கான ஆபத்து அதிகமாகத் தெரிந்தது. உதவி எண் வழக்கமாகப் பகுதியின் இறுதியில்தான் வருகிறது. தாங்க முடியாமல் நடுவில் எழுந்து போகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை.


முதல் வரைவு:

அப்படியானால் ஆறாம், ஏழாம் பகுதிகளில் உதவி எண்ணைத் தொடக்கத்திலேயே வைக்கும்படி கேட்கிறேன். ஆறாம் பகுதியில் அவள் அறைக்குள் போகும் காட்சிக்கு முன்பு வரும் விளம்பர இடைவேளையிலும் அது வர வேண்டும். அந்த இடைவேளை யாருக்கு விற்கப்பட்டிருக்கிறது என்பதைத் தயாரிப்புத் தரப்பிடம் நாளை கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.